கதவை எந்தப் பக்கமிருந்து மூடுவது?

"மாமா, என்னையும் கார் கப்பலுக்குத்தான் அனுப்பப் போறாங்களாம். கரண்ட் காராலதான அந்தக் கப்பலெல்லாம் எரியுது?" கப்பல் பயிற்சியை முடித்துவிட்டு முதல் பணி ஆணைக்காகக் காத்திருக்கும் என் அக்காள் மகன், சென்ற மாதம் தூத்துக்குடியில் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு கேட்ட கேள்வி இது. ஒன்பது ஆண்டுகள் அவ்வகைக் கப்பல்களில் அதிகாரியாக இருந்தவன் என்பதால், ஆம் அல்லது இல்லை என்று என்னிடம் ஒற்றைப் பதில் கிடைக்கும் என்று அவன் எதிர்பார்த்தான். நானோ விளக்கு வைக்கும் நேரம் வரை பேசிக்கொண்டிருந்தேன். அன்று சொன்னவற்றையும், சொல்ல விட்டுப்போனவற்றையும் சேர்த்து இங்கே எழுதிவைக்கிறேன்.

கார் ஏற்றும் கப்பல், சன்னல் இல்லாத பல மாடி வாகன நிறுத்தகம் ஒன்று கடலில் மிதப்பதைப் போன்றது. எண்ணூர் காமராசர் துறைமுகத்தில் ஏற்றுமதிக் கார்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சாய்தளத்தில் ஏறி உள்ளே மறைவதைப் பார்த்தவர்கள், அந்த வயிற்றின் கொள்ளளவை ஒருவாறு ஊகித்திருப்பார்கள். நீளம் ஏறத்தாழ 200 மீட்டர். தளங்கள் 12 அல்லது 13. பெரிய கப்பலாக இருந்தால் கார்கள் ஐயாயிரத்துக்கும் மேல். இவை அனைத்தையும் பார்த்துக்கொள்ளும் பணியாளர்கள் இருபத்திரண்டு, இருபத்துமூன்று பேர்தான். பிற சரக்குக் கப்பல்களில் சரக்கறைகளுக்கு நடுவே குறுக்குச் சுவர்கள் எழும்பி நிற்கும். இங்கே வண்டி ஓடுவதற்கு வழி வேண்டும் என்பதால், ஒரு தளம் என்பது முகப்பிலிருந்து பின்பகுதி வரை ஏறக்குறைய ஒரே கூடமாகத் திறந்து கிடக்கும். இப்படிப்பட்ட சில தளங்களைச் சேர்த்து ஒரு மண்டலம் என்று வகுத்து, மண்டலத்துக்கும் மண்டலத்துக்கும் இடையில்தான் வாயு புகாத தளமும் கதவும் அமைக்கிறார்கள். அந்தக் கதவுகள் திறந்திருக்கும்வரை கப்பல் முழுவதும் ஒரே புகைபோக்கிதான்.

கார்களை அடுக்கும் முறையையும் சொல்ல வேண்டும். பக்கத்துக் காருக்கும் இந்தக் காருக்கும் நடுவே சுமார் 10 சென்டிமீட்டர், அதாவது நான்கைந்து விரல் அகலம்; முன்காருக்கும் பின்காருக்கும் நடுவே சுமார் 30 சென்டிமீட்டர். ஒவ்வொரு காரும் பட்டைகளால் தளத்தோடு பிணைக்கப்பட்டிருக்கும். கூரை பல தளங்களில் கையை உயர்த்தினால் தொட்டுவிடும் உயரத்தில்தான் இருக்கும். கூடத்தின் நடுவில் ஒரு கார் புகையத் தொடங்கினால், முதுகில் காற்று உருளையைச் சுமந்துகொண்டு, கனத்த தீயணைப்பு உடையோடு, தண்ணீர்க்குழாயை இழுத்தபடி அந்த நான்கு விரல் சந்துக்குள் எவரும் நுழைய முடியாது. காரின் மேல் ஏறித்தான் போகவேண்டும். கூரை தாழ்ந்திருப்பதால் புகை சில நிமிடங்களில் தலைமட்டத்துக்கு இறங்கிவிடும். முதுகிலுள்ள காற்றோ ஏறத்தாழ அரை மணி நேரத்துக்குத்தான். அந்த அரை மணியில் போவதும் அடங்கும், திரும்பி வருவதும் அடங்கும். பயிற்சிக் கூடத்தில் வெறும் அறையில் தீயணைத்துப் பழகியவர்கள், நிரம்பிய கார்த் தளத்தில் முதல்முறை ஒத்திகைக்கு இறங்கும்போது பேச்சிழந்து நிற்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். நானும் அப்படி நின்றவன்தான்.

ஆகவே இவ்வகைக் கப்பல்களில் தீயை எதிர்க்கும் முதன்மை ஆயுதம் பெரும்பாலும் கரியமில வாயு. கொள்கை எளிது: மண்டலத்தை அடைத்து, வாயுவை உள்ளே விட்டு, ஆக்சிஜனைக் குறைத்துத் தீயைத் திணறடிப்பது. அளவுகளைப் பார்த்தால்தான் அதன் எடை புரியும். அடைக்கக்கூடிய மண்டலங்களில் மிகப் பெரியதன் மொத்தக் கொள்ளளவில் 45 விழுக்காட்டை நிரப்பும் அளவு வாயு கப்பலில் இருக்க வேண்டும் என்பதும், அதில் மூன்றில் இரண்டு பங்கு 10 நிமிடங்களுக்குள் உள்ளே போய்ச்சேர வேண்டும் என்பதும் சர்வதேச விதி. ஒரு கிலோ கரியமில வாயு விரிந்தால் 0.56 கனமீட்டர் என்று கணக்கிடுவார்கள். மண்டலம் 30,000 கனமீட்டர் என்று வைத்துக்கொண்டால், 13,500 கனமீட்டர் வாயு தேவை. அதாவது சுமார் 24 டன். இது பெரும்பாலும் ஒரே ஒருமுறை சுடக்கூடிய துப்பாக்கி. மூடாத இடுக்கு வழியாக வாயு வெளியேறிவிட்டால், நடுக்கடலில் இன்னொரு 24 டன்னுக்கு எங்கே போவது?

வாயுவைத் திறப்பதற்கு முன் செய்ய வேண்டியவை வரிசையாக இருக்கின்றன. எல்லோரையும் மேலே வரவழைத்துத் தலையெண்ண வேண்டும், ஏனென்றால் அந்த அடர்த்தியில் கரியமில வாயு மனிதனைச் சில நிமிடங்களில் வீழ்த்திவிடும். காற்றாடிகளை நிறுத்த வேண்டும். காற்றுவழிகளை அடைக்கும் டாம்பர்கள் அத்தனையையும் மூட வேண்டும். மண்டலக் கதவுகளையும் சாய்தள மூடிகளையும் அடைக்க வேண்டும். ஒருவர் குறைந்தாலும் கேப்டனால் வாயுவைத் திறக்க ஆணையிட முடியாது. காணாமற்போனவரைத் தேடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு நிமிடமும் தீ அடுத்த காருக்குத் தாவிக்கொண்டிருக்கும். இந்த வேலைக்கு எவ்வளவு மனவுறுதி வேண்டும் என்பதைக் கரையில் இருப்பவர்கள் குறைத்து மதிப்பிடுகிறார்கள் என்பது என் கருத்து.

நான் மூன்றாம் அதிகாரியாகச் சேர்ந்த முதல் கார் கப்பலில், தீயணைப்புக் கருவிகளைப் பராமரிக்கும் பொறுப்பு வழக்கம்போல் என்னிடம் வந்தது. முதல் வாரத்தில் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு டாம்பர்களை ஒவ்வொன்றாகச் சோதித்தேன். பட்டியலில் எல்லாவற்றுக்கும் எதிரே "சரி" என்று போன மாதத்துக் கையெழுத்து இருந்தது. மேல்தளத்தின் இடப்பக்கம் ஒரு டாம்பரின் கைப்பிடி மட்டும் நன்றாகத் திரும்பியது. "மூடியது" என்ற குறியிலும் வந்து நின்றது. மாலுமிகளின் தலைவரான போசன் கையில் டார்ச்சோடு உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "சார், பிடி மட்டும்தான் சுத்துது. தகடு அசையவே இல்ல" என்றார். துருவேறிய தகடு தண்டிலிருந்து கழன்று பாதி திறந்தபடியே நின்றிருந்தது. எத்தனை மாதங்களாக அப்படி நின்றதோ! அன்றிலிருந்து கைப்பிடியின் குறியை நம்பியதில்லை. தகட்டைக் கண்ணால் பார்த்த பிறகுதான் கையெழுத்திடுவேன்.

என் அனுபவம் துருப்பிடித்த ஒரு தகட்டோடு முடிந்தது. 2023 ஜூலை 5 அன்று அமெரிக்காவின் நூவர்க் துறைமுகத்தில் நடந்தது அப்படி முடியவில்லை. மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போகவிருந்த பழைய கார்களை ஏற்றிக்கொண்டிருந்த 'கிராண்டே கோஸ்டா டவோரியோ' என்ற இத்தாலியக் கப்பலில் பத்தாம் தளத்தில் தீப்பிடித்தது. ஓடாத கார்களைத் தள்ளி உள்ளே ஏற்றுவதற்கு, அந்த வேலைக்கென்று செய்யப்படாத ஒரு ஜீப் ராங்ளரைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். அந்த ஜீப்பிலிருந்துதான் தீ தொடங்கியது. பணியாளர்கள் விதிப்படி மண்டலத்தை அடைத்து வாயுவைத் திறக்க முற்பட்டார்கள். ஆனால் பன்னிரண்டாம் தளத்தில் ஒரு பெரிய கதவை மூட முடியவில்லை, ஏனெனில் அதை இயக்கும் கட்டுப்பாட்டுப் பலகை கதவுக்கு உட்புறத்தில், புகைக்குள் இருந்தது. வாயு திறந்துவிடப்பட்டும் திறந்த கதவு வழியே போய்விட்டதால் பயனில்லை. கப்பல் தீயை அணைத்துப் பழக்கமில்லாத நகரத் தீயணைப்பு வீரர்கள் உள்ளே இறங்கினார்கள். அவர்களில் இருவர் திரும்பவில்லை. தீ அடங்க ஏறத்தாழ ஆறு நாட்கள் ஆயின. அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் விசாரணை இவற்றை வெளிக்கொணர்ந்தது. கதவை எந்தப் பக்கமிருந்து மூடுவது என்பதை, கப்பலை வரைந்த நாளிலேயே யாராவது யோசித்திருக்க வேண்டும். வரைபடத்தில் அது ஒரு சின்னச் சதுரம்தான்.

அதற்கு மூன்றாண்டுகளுக்கு முன், 2020 ஜூன் 4 அன்று, ஃபுளோரிடாவின் ஜாக்சன்வில் துறைமுகத்தில் 'ஹோக் சியாமென்' எரிந்தது. அதிலும் பழைய வாகனங்கள்தாம், 2,420. ஒரு வாகனத்தின் பேட்டரி இணைப்பை முறைப்படி கழற்றிக் காப்பிடாமல் விட்டதில் மின்கோளாறு ஏற்பட்டு எட்டாம் தளத்தில் தீ எழுந்தது என்று அதே வாரியம் முடிவு செய்தது. இங்கே நான் சொல்லும் பேட்டரி, சாதாரண பெட்ரோல் கார்களில் இருக்கும் 12 வோல்ட் பேட்டரி. கார்களை ஏற்றும்போது வண்டிப் புகையால் எச்சரிக்கை மணி ஓயாமல் அடிக்கும் என்பதால் தீயுணர் கருவிகளை அணைத்துவைப்பது வழக்கம். ஏற்றி முடித்த பிறகும் அவற்றை மீண்டும் இயக்கவில்லை. மணி அடிக்காததால் தீ பெரிதான பிறகே தெரியவந்தது. பின்னர் ஏற்பட்ட வெடிப்பில் தீயணைப்பு வீரர்கள் ஒன்பது பேர் காயமடைந்தார்கள். இழப்பு சுமார் 4 கோடி டாலர். ஏற்றி முடிந்ததும் ஒரு விசையைத் திருப்ப வேண்டும், அவ்வளவுதான். ஆனால் ஏற்றி முடியும் அந்த அரை மணி நேரத்தில் வழிகாட்டி மாலுமி ஏறுவார், கயிறு அவிழ்ப்பார்கள், காகிதங்களில் கையெழுத்துப் போடவேண்டியிருக்கும். அந்த அவசரத்தை அனுபவித்தவன் என்பதால், மறந்தவரை வைய எனக்கு வாய் வரவில்லை. விசையைத் திருப்பினால்தான் புறப்படலாம் என்று நடைமுறையே கட்டாயப்படுத்த வேண்டும்.

வாயு வேலை செய்த நிகழ்ச்சிகளும் உண்டு, அவை செய்தியாவதில்லை. 2015 ஜூன் மாதம் ஆங்கிலக் கால்வாய்ப் பகுதியில் 'கரேஜ்' கப்பலில், ஒரு பழைய காரின் பிரேக் கட்டுப்பாட்டு மின்பகுதியில் பொறி எழுந்து தீப்பிடித்தது. 2017 பிப்ரவரியில் சவுத்தாம்ப்டனிலிருந்து பால்டிமோருக்குப் புறப்பட்ட 'ஹானர்' கப்பலில், தனியார் காரொன்றின் எஞ்சினை முடுக்கும் ஸ்டார்ட்டர் மோட்டாரிலுள்ள மின்விசையிலிருந்து தீ வந்தது. இரண்டிலும் மண்டலத்தை அடைத்து வாயுவைத் திறந்து தீயை அடக்கினார்கள், உயிர்ச்சேதம் இல்லை. இந்த நான்கு நிகழ்ச்சிகளில் ஒன்றிலும் தீ மின்சாரக் காரிலிருந்து தொடங்கவில்லை என்பதை மருமகனுக்கு விரல்விட்டு எண்ணிக் காட்டினேன்.

அதனால் மின்சாரக் கார் பற்றிய அச்சம் வீண் என்று சொல்லிவிட முடியாது. லித்தியம் அயனி பேட்டரியின் ஒரு செல் சேதமடைந்து அளவுக்கு மீறிச் சூடானால், அதன் உள்ளே நடக்கும் வேதிவினையே மேலும் வெப்பத்தைக் கிளப்பி அடுத்த செல்லைச் சூடாக்கும்; அது அதற்கடுத்ததைச் சூடாக்கும். இந்தத் தொடருக்கு வெளிக்காற்றின் ஆக்சிஜன் தேவையில்லை. கரியமில வாயு சுற்றிலுமுள்ள சுடரை அணைக்கும், பக்கத்துக் கார்களின் டயரும் இருக்கையும் பற்றாமல் தடுக்கும். ஆனால் அதற்குக் குளிர்விக்கும் திறன் குறைவு, ஆகவே பேட்டரிப் பெட்டிக்குள் நடப்பதை அதனால் நிறுத்த முடியாது. பேட்டரியிலிருந்து வெளிவரும் ஹைட்ரஜன் முதலிய வாயுக்கள் மூடிய கூடத்தில் தேங்கினால் வெடிக்கும் ஆபத்தும் உண்டு. தீ அடங்கியது என்று நினைத்துக் கதவைத் திறந்தால் புதுக்காற்று பட்டு மீண்டும் பற்றிக்கொள்ளலாம். 2022 பிப்ரவரி 16 அன்று அசோரஸ் தீவுகளுக்கு அருகில் 'ஃபெலிசிட்டி ஏஸ்' தீப்பிடித்தபோது, அதில் போர்ஷே, ஆடி, பென்ட்லி, லம்போர்கினி என ஏறத்தாழ 4,000 கார்கள் இருந்தன. பணியாளர்கள் 22 பேரும் பிழைத்தார்கள். கப்பல் இழுத்துச் செல்லப்படும்போது மார்ச் 1 அன்று சாய்ந்து சுமார் 3,000 மீட்டர் ஆழத்தில் மூழ்கியது. 2025 ஜூன் 3 அன்று அலாஸ்காவுக்குத் தெற்கே 'மார்னிங் மிடாஸ்' எரியத் தொடங்கியபோது, மின்சாரக் கார்கள் நின்ற தளத்திலிருந்து புகை வந்ததை முதலில் பார்த்திருக்கிறார்கள். 3,048 வாகனங்களில் முழு மின்சாரக் கார்கள் சுமார் 70 மட்டுமே. மூன்று வாரம் கழித்து அதுவும் மூழ்கியது. கப்பலே கடலடிக்குப் போய்விட்டால், எந்தக் காரில் எந்தக் கம்பி முதலில் சூடானது என்று யார் இறங்கிப் பார்ப்பது?

எனவேதான் மூழ்காமல் கரைசேர்ந்த 'ஃப்ரிமாண்டில் ஹைவே'யைப் பற்றி அவனிடம் அதிக நேரம் பேசினேன். 2023 ஜூலை 25 நள்ளிரவையொட்டி, ஜெர்மனியின் பிரேமர்ஹாஃபனிலிருந்து புறப்பட்டுப் போய்க்கொண்டிருந்த அந்தக் கப்பலில் நெதர்லாந்தின் அமெலாந்து தீவுக்கு அருகே தீ எழுந்தது. பணியாளர்கள் 23 பேர். ஏழு பேர் ஏறத்தாழ 30 மீட்டர் உயரத்திலிருந்து இரவுக் கடலில் குதித்தார்கள்; தீவின் மீட்புப் படகு அவர்களை ஒவ்வொருவராகத் தண்ணீரிலிருந்து தூக்கியது. மற்றவர்களை ஹெலிகாப்டர்கள் மீட்டன. ஓர் இந்திய மாலுமி உயிரிழந்தார். முதல் நாள் செய்திகளில் மின்சாரக் கார்கள் 25 என்று வந்தது. பிறகு அது 498 என்று திருத்தப்பட்டது. மொத்தம் ஏறத்தாழ 3,780 கார்கள். உலகம் முழுவதும் "மின்சாரக் கார் கப்பலை எரித்தது" என்று எழுதித் தீர்த்தார்கள். ஆகஸ்ட் 3 அன்று கப்பல் ஈம்ஸ்ஹாஃபன் துறைமுகத்துக்கு இழுத்து வரப்பட்டு, மீட்புக் குழுவினர் உள்ளே இறங்கியபோது மேல்தளங்கள் உருகிக் கிடந்தன. அடித்தளங்கள் நான்கில் ஆயிரத்துக்கு நெருங்கிய கார்கள் நல்ல நிலையில் நின்றன. மின்சாரக் கார்களில் பெரும்பகுதி அங்கேதான், எரியாமல் இருந்தது. இந்தச் செய்திக்கு முதல் செய்திக்குக் கிடைத்த இடத்தில் கால்பங்குகூடக் கிடைக்கவில்லை. சரக்குப் பட்டியலில் உள்ள எண்ணிக்கையே முதல் நாளில் இவ்வளவு தவறாக வெளியே போயிற்று என்பதுதான் என்னை உறுத்துகிறது. எந்தத் தளத்தில் எத்தனை மின்சாரக் கார்கள் நிற்கின்றன என்பது தீயணைக்க வருபவருக்கு முதல் நிமிடத்திலேயே தெரிய வேண்டிய ஒன்று.

வாயுவை விட்டுவிட்டுத் தண்ணீரைக் கொட்டினால் என்ன என்று அவன் கேட்டான். கேட்க வேண்டிய கேள்விதான். பேட்டரியைக் குளிர்விக்கத் தண்ணீரைவிடச் சிறந்தது இல்லை. ஆனால் சுவரில்லாத அகன்ற கூடத்தில் சேரும் தண்ணீர், கப்பல் ஒரு பக்கம் சாயும்போது மொத்தமாக அந்தப் பக்கம் ஓடும். ஓடியதால் இன்னும் சாயும். தட்டில் தண்ணீர் எடுத்து நடந்து பார்த்தவர்களுக்கு இது தெரியும். 2006 பிப்ரவரியில் செங்கடலில், சவுதியின் துபாவிலிருந்து எகிப்தின் சஃபாகாவுக்குப் போன 'அல் சலாம் போக்காச்சியோ 98' என்ற பயணிகள் கப்பலின் வாகனத் தளத்தில் தீப்பிடித்தது. தீயணைக்க அடித்த தண்ணீர் வடிகால்கள் அடைபட்டு வெளியேறாமல் தேங்கியது. கப்பல் கவிழ்ந்து ஆயிரம் பேருக்கு மேல் இறந்தார்கள். தண்ணீர் பயன்படும், வடிகால் வேலை செய்தால். டாம்பர் தகட்டைப் போலவே வடிகாலின் சல்லடையையும் யாராவது குனிந்து பார்க்க வேண்டும்; கார்ப் பிணைப்புப் பட்டையின் துணுக்குகளும் துடைத்த துணியும் அதை அடைக்கப் போதும்.

விதிகள் மாறிக்கொண்டுதான் இருக்கின்றன. சர்வதேச கடல்சார் அமைப்பு 2024 மே மாதம், வாகனம் ஏற்றும் பயணிகள் கப்பல்களுக்கான தீப்பாதுகாப்பு விதிகளைக் கடுமையாக்கியது. 2026 ஜனவரி 1 முதல் அவை நடைமுறைக்கு வந்தன. அதே நாள் முதல் லித்தியம் அயனி பேட்டரியில் ஓடும் வாகனங்களுக்கு ஆபத்தான சரக்குப் பட்டியலில் 3556 என்ற தனி எண் கட்டாயமாகியுள்ளது. எண் தனியாக இருந்தால் சரக்கு ஆவணத்தில் பிரித்துக் காட்டுவது எளிது என்பதால் இதை நான் வரவேற்கிறேன். சில நிறுவனங்கள் வேறு வழியில் போயிருக்கின்றன. நார்வேயின் ஹாவிலா 2023 ஜனவரியில் மின்சார, ஹைபிரிட் கார்களை ஏற்றுவதில்லை என்று அறிவித்தது. ஹவாய்க்கும் அலாஸ்காவுக்கும் சரக்கு ஏற்றும் மேட்சன் 2025 ஜூலையில் அப்படியே செய்தது. இப்படிப்பட்ட நிறுவனங்களுக்கு அது இயலும். சீனாவிலிருந்து மின்சாரக் கார்களை ஏற்றுவதற்காகவே கட்டப்படும் கப்பல்களுக்கு அந்த வழி இல்லை. என்னைக் கேட்டால், புதிய மின்சாரக் காரைவிட, எங்கோ விபத்தில் அடிபட்டு ஏலத்தில் வாங்கப்பட்ட பழைய கார்தான், பெட்ரோலோ பேட்டரியோ, சாய்தளத்தில் ஏறும்போது என் வயிற்றைக் கலக்கும். புதிய காரைத் தொழிற்சாலை சோதித்து அனுப்புகிறது. பழையதை யார் சோதித்தார்கள் என்று காகிதத்தில் இருக்காது.

கார் கப்பலின் ஆயுள் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல்கூடப் போகும். இன்று எழுதப்படும் விதிகளில் பல, இனிக் கட்டப்போகும் கப்பல்களுக்கே முழுமையாகப் பொருந்தும். அவனுக்கு ஒதுக்கப்பட்டிருக்கும் கப்பல் 2000-களின் நடுவில் கட்டப்பட்டது என்று போன வாரம் தொலைபேசியில் சொன்னான். டாம்பர்களின் தகட்டைக் கண்ணால் பார்க்கவும், ஒவ்வொரு மண்டலக் கதவின் கட்டுப்பாட்டுப் பலகையும் எந்தப் பக்கம் இருக்கிறது என்று ஒரு நோட்டில் படம் வரைந்து வைக்கவும் சொல்லியிருக்கிறேன். அக்காள் இன்னும் பயத்தில்தான் இருக்கிறாள்; அவன் அடுத்த மாதம் பத்தாம் தேதி விமானம் ஏறுகிறான்.